மலைமேல் ஒரு கடல்

நுழையும்முன்

ஐந்து வயதுக் குழந்தை ஒரு குச்சியைக் குதிரை என்கிறது. அடுத்த நொடியில் அதே குச்சி துடுப்பாகிறது. சற்று நேரத்தில் மீனாகித் துள்ளுகிறது. குழந்தைகளிடம் இயல்பாக அமைந்துள்ள இப்பாவனை ஆற்றலைக் கல்விக்கு உரிய கருவியாகக் கொள்ளும் கலையே படைப்பு நாடகம். கடற்கரை இல்லாத ஒரு மாவட்டத்தின் மலைக்குழந்தைகளிடம் கடலைக் கொண்டுசேர்க்க அக்கலை எவ்வாறு துணைசெய்யும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கரையற்ற மாவட்டம்

கள்ளக்குறிச்சி, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் அது விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மேற்கே கல்வராயன் மலையின் வெள்ளிமலையும் கிழக்கே மரக்காணத்துக் கடற்கரையும் அன்று ஒரே மாவட்டத்திற்குள் அடங்கின. பிரிவினைக்குப்பின் கள்ளக்குறிச்சி கடற்கரை இல்லாத மாவட்டமாயிற்று. வரைபடத்தில் நேர்ந்த இம்மாற்றத்தை மலைக்குழந்தைகள் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. கடல் அவர்களுக்கு முன்பும் தொலைவிலேயே இருந்தது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயரைக் கண்டு அவர்களைக் கேரள நாட்டினர் எனக் கொள்ளலாகாது. மலையில் வாழ்வோர் என்பதே அப்பெயரின் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்னும் மரபுக்கதை அவர்களிடையே வழங்கிவருகிறது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளையும் நிலம் அது. கடுக்காயும் தேனும் காடு தரும் செல்வங்கள். அங்குள்ள குழந்தை ஓடையின் போக்கை அறியும். அருவியின் ஓசையை அறியும். மழைக்கு முன் மண் மணப்பதை அறியும். ஆனால் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் கடல் என்பது ஒரு நீலநிறப் படம். 'கடல் பெரியது, கடல்நீர் உப்பானது' என்று குழந்தை ஒப்பிக்கும். எவ்வளவு பெரியது, ஏன் உப்பானது என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் குழந்தையிடம் விடை இருப்பதில்லை; அச்சொற்களுக்குப் பின்னால் அதன் அனுபவம் எதுவும் நிற்கவில்லை.

கடலைக் காட்டப் பேருந்து ஏற்பாடு செய்வதே சிறந்த வழி என்பதில் ஐயமில்லை. அவ்வாய்ப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் எல்லா ஆண்டும் கிட்டுவதன்று. கிட்டும்வரை கடலை வகுப்பறைக்கு வரவழைக்கலாம். ஒரு நீலச் சேலையும், ஒரு பறையும், கால்பரப்பி நிற்க இடமும் இருந்தால் போதும்.

துளியின் வழி

மலைக்குழந்தைக்குக் கடலை அறிமுகம் செய்யும் ஆசிரியர் கடலிலிருந்து தொடங்குதல் கூடாது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் கற்பித்தலின் பழைய நெறி. கல்வராயன் மலையில் அந்நெறிக்குக் கண்கூடான பாதை ஒன்று உண்டு. அது கோமுகி ஆறு.

மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிக் கோமுகி ஆறாகிறது. கச்சிராயபாளையத்திற்கு அருகில், மலையடிவாரத்தில், ஓர் அணை அதனைத் தேக்குகிறது. அங்கிருந்து சமவெளியில் இறங்கும் ஆறு மணிமுத்தாற்றோடு கூடி, பின்னர் வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையருகே வங்கக் கடலை அடைகிறது. எனவே, கடலைக் கண்டிராத குழந்தையின் காலை நனைத்த நீர் கடலைக் காணச் சென்றுகொண்டே இருக்கிறது. இவ்வுண்மையே ஒரு நாடகத்திற்குப் போதுமான கதை.

குழந்தைகள் வகுப்பறையின் ஒரு மூலையில் குந்தி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு மழைத்துளி. பறையில் மெல்லிய தட்டு எழும்போது ஒவ்வொரு துளியாக எழுந்து உருள்கிறது. இரு துளிகள் சந்தித்தால் கைகோக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, வளைந்து நெளியும் ஓடை உருவாகிறது. மேசைகளும் பைகளும் பாறைகள்; ஓடை அவற்றை இடித்துச் செல்லாமல் சுற்றிச் செல்கிறது. பறையின் ஒலி விரைவுபெற்றதும் அருவி. மேகம் அருவி, பெரியார் அருவி எனக் குழந்தைகள் அறிந்த பெயர்களைச் சொன்னால் அவர்கள் குதிக்கும் உயரமே வேறுபடும். பின்னர்ப் பறை சட்டென்று நிற்கிறது. அணை வந்துவிட்டது. ஓடிவந்த உடல்கள் ஒன்றையொன்று நெருக்கி அசைவின்றி நிற்க வேண்டும். துள்ளிவந்த குழந்தைக்கு அசையாது நிற்றல் எளிதன்று. தேங்கிய நீரின் அழுத்தம் எத்தகையது என்பதை அந்நெருக்கத்தில் அதன் தோள்கள் உணர்கின்றன. மதகு திறக்கிறது.

சமவெளியில் நாடகம் வேறு தன்மை பெறுகிறது. ஒருசில குழந்தைகள் கரும்பு வயலாக, நெல் வயலாக, ஆடாக, தாகத்தோடு வந்த வழிப்போக்கராக ஆற்றோரம் நிற்கின்றனர். ஒவ்வொருவரும் நீர் கேட்கின்றனர். எத்தனை துளிகளை விட்டுக்கொடுப்பது என்று ஆறு தனக்குள் பேசி முடிவுசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் கடலுக்கு யார் செல்வது? கொடுக்க மறுத்தால் வயல் என்னவாகும்? இங்கே ஆசிரியர் விடை கூறுதல் ஆகாது. ஆற்றுநீர்ப் பங்கீடு பற்றிப் பெரியவர்கள் நீதிமன்றத்தில் வாதிடும் வினாவை ஆறு வயதுக் குழந்தைகள் தம் கைகளைக் கோத்தும் விடுத்தும் எதிர்கொள்கின்றனர்.

எஞ்சிய துளிகள் பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தை அடைகின்றன. இருவர் விரித்துப் பிடித்த நீலச் சேலைதான் கடல். ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையின் நாவிலும் உப்புக்கல் ஒன்றை வைக்கிறார். ஆறு இனிப்பாக இருந்ததே, கடல் ஏன் உப்பாயிற்று? பாறைகள் மழையில் சிறிதுசிறிதாகக் கரைகின்றன. அவ்வாறு கரைந்த தாதுக்களைப் பல கோடி ஆண்டுகளாக ஆறுகள் கடலில் சேர்த்து வருகின்றன. நீர் ஆவியாகி மேலெழும்போது உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. கடலின் உப்பில் கல்வராயன் மலைப் பாறைகளுக்கும் சிறு பங்கு உண்டு என்று கேட்கும்போது குழந்தையின் முகம் மலர்வதைக் காணலாம். கடல் அயலாரின் பொருளாக இருந்த நிலை அந்நொடியில் மாறுகிறது. இறுதியாகத் துளிகள் கைகளை உயர்த்தி ஆவியாகின்றன. ஐப்பசி மாதத்து வாடைக்காற்று அவற்றை மேற்கே தள்ளுகிறது. குழந்தைகள் புறப்பட்ட மூலைக்கே மழையாகத் திரும்புகின்றனர்.

உடல் கற்பவை

இவ்வகை நாடகங்களில் உடலசைவு கருத்தை விளக்குவதோடு நில்லாது, சிலபோது கருத்தைத் திருத்தவும் செய்கிறது. அலை இதற்கு நல்ல சான்று. அலை என்பது கடல்நீர் கரையை நோக்கி ஓடிவருவது என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆழ்கடலில் அலை முன்னேறிச் செல்கிறது. நீரோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே வட்டமாகச் சுழன்று எழுந்து தாழ்கிறது. இதனைச் சொற்களால் விளக்குதல் கடினம். இருபது குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, முதற்குழந்தை கைகளை உயர்த்தித் தாழ்த்த, அடுத்த குழந்தை அதனைத் தொடருமாறு செய்தால், வரிசை முழுவதும் அலை ஓடுவதைக் காணலாம். ஒரு குழந்தைகூட ஓரடி நகர்ந்திராது.

மீன்கூட்டமும் அவ்வாறே. ஆயிரக்கணக்கான சாளை மீன்கள் ஒரே உடலைப்போலத் திரும்புவதற்கு அவற்றுள் தலைவன் எவனும் இல்லை. ஒவ்வொரு மீனும் தன் அண்டை மீன்களை உணர்ந்து இடைவெளி காக்கிறது. குழந்தைகள் கூட்டமாக நின்று, பேசாமல், ஒருவரையொருவர் இடிக்காமல் அறையைச் சுற்றிவரும் பயிற்சியில் முதலில் குழப்பமே விளையும். 'நான்தான் முன்னால்' என்று சிலர் ஓடுவர். அடுத்திருப்பவரைக் கவனித்தால் மட்டுமே கூட்டம் கலையாது என்பதைச் சில சுற்றுகளில் அவர்களே கண்டறிவர். வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டுவதால் இப்பயன் கிட்டாது.

நண்டைப்போலப் பக்கவாட்டில் நடத்தல், பேய்க்கணவாயைப்போல எட்டுத் திசையிலும் கைகால்களை நீட்டிச் சுருக்குதல், சொறிமீனைப்போல மிதத்தல் ஆகியன உடலின் வெவ்வேறு தசைகளுக்கும் சமநிலைக்கும் பயிற்சியளிப்பவை. உடலசைவைக் காலம், எடை, இடம், ஓட்டம் என்னும் நான்கு கூறுகளால் ஆராய்ந்தவர் ருடால்ஃப் லாபன். கல்விக்குரிய நடனம் குறித்து அவர் எழுதிய நூல் 1948இல் வெளிவந்தது. திமிங்கிலம் மெதுவாகவும் கனமாகவும் நகர்கிறது. இறால் திடீரென்று பின்னோக்கித் துள்ளுகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துச் செய்துபார்த்த குழந்தைக்கு லாபனின் கலைச்சொற்கள் தேவையில்லை.

பாவனையின் மரபு

படைப்பு நாடகம் மேலைநாட்டுக் கல்வியியலார் வகுத்த முறை என்பது ஓரளவே உண்மை. அமெரிக்காவின் வினிஃபிரட் வார்டு 1930இல் அதுபற்றி நூலெழுதினார். இங்கிலாந்தின் பீட்டர் சிலேடு, குழந்தைகளின் தன்னியல்பான விளையாட்டே தனித்ததொரு நாடகக்கலை என்று 1954இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். இளமையில் நெசவாலையில் பணிபுரிந்து பின்னர் நாடகக் கல்வியாளரான டாரதி ஹீத்கோட், ஆசிரியரும் ஒரு பாத்திரமாக மாறிக் குழந்தைகளோடு கலந்துகொள்ளும் முறையை வளர்த்தார்.

ஆயினும் தமிழில் பிள்ளைத்தமிழின் பருவங்களை நினைவுகூர்ந்தால், குழந்தையின் உடலசைவுகளையே இலக்கியத்தின் உறுப்புகளாக வகுத்த மரபு நமக்கு உண்டு என்பது விளங்கும். கையும் காலும் ஊன்றித் தலை அசைத்தல் செங்கீரை. கை தட்டுதல் சப்பாணி. தளர்நடையிட்டு வருதல் வருகை. நிலவை விளையாட அழைத்தல் அம்புலி. மணல்வீடு கட்டுதலும் அதனைச் சிதைத்தலும், சிறுபறை முழக்குதலும், சிறுதேர் உருட்டுதலும் பிற்பருவங்கள். சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்துச் சிறுமியர் மணலில் வண்டற்பாவை செய்து விளையாடுகின்றனர். அலை அப்பாவையை அழித்துச் செல்கிறது. 'கல்லா மண்ணா', 'குளம் கரை' ஆகிய விளையாட்டுகளில் தரையில் கிழித்த ஒரு கோடு நிலத்தையும் நீரையும் பிரித்துவிடுவதை இன்றும் தெருக்களில் காணலாம்.

ஐங்குறுநூற்றில் குறிஞ்சித் திணைக்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் கபிலர். நெய்தலுக்குரிய நூறு பாடல்களைப் பாடியவர் அம்மூவனார். கபிலரின் நினைவைத் தாங்கிநிற்கும் கபிலர் குன்று, தென்பெண்ணையாற்றில், இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூரில் உள்ளது. குறிஞ்சியும் நெய்தலும் ஒரே நூலுள் அமரக்கூடுமெனில், ஒரே வகுப்பறையில் அமர்வதற்குத் தடையேதுமில்லை.

தற்காலத் தமிழில் குழந்தைகள் நாடகத்திற்கெனவே உழைத்துவருபவருள் குறிப்பிடத்தக்கவர் வேலு சரவணன். புதுச்சேரியைக் களமாகக் கொண்ட அவரது நாடகக் குழுவின் பெயர் 'ஆழி'. அச்சொல்லின் பொருள்களுள் கடலும் ஒன்று. அவரது புகழ்பெற்ற நாடகங்களுள் ஒன்றின் பெயர் 'கடல் பூதம்'. பள்ளித் திடல்களிலும் மரத்தடிகளிலும் நிகழும் அவருடைய நாடகங்களில் பார்க்கும் குழந்தைகள் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. கூவுகின்றனர், எச்சரிக்கின்றனர், உள்ளே இழுத்துக்கொள்ளப்படுகின்றனர். சிறுவர் இலக்கியத்திற்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2017இல் அவருக்கு வழங்கப்பட்டது. ஈழத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் சிறுவர்க்கென எழுதிய 'கூடி விளையாடு பாப்பா' என்னும் நாடகமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது.

ஆண்டு விழா நாடகத்தையும் படைப்பு நாடகத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல் கூடாது. ஆண்டு விழாவில் வாடகை உடையும், மனப்பாட வசனமும், ஒலிவாங்கிக்கு முன் உறைந்து நிற்கும் குழந்தையும் உண்டு. அங்கே பெற்றோர் மகிழ்கின்றனர். மேடையேறாத முப்பது குழந்தைகள் கைதட்டுகின்றனர். படைப்பு நாடகத்தில் மேடையில்லை, எழுதிவைத்த வசனமில்லை, பார்வையாளரும் இல்லை. முதன்மைப் பாத்திரம் யாருக்கு என்னும் போட்டியும் எழுவதில்லை.

வலையும் ஆமையும்

விலங்குகளைப்போல நடந்துகாட்டுவதோடு நின்றுவிட்டால் அது உடற்பயிற்சியாகவே முடியும். நாடகம் என்பதற்கு ஒரு சிக்கல் வேண்டும். பங்குனி ஆமையின் கதையில் அச்சிக்கல் இயல்பாகவே அமைந்துள்ளது. சனவரி முதல் மார்ச்சு வரையிலான மாதங்களில் இவ்வாமைகள் தமிழகக் கடற்கரை மணலில் குழிதோண்டி முட்டையிடுகின்றன. ஏறத்தாழ ஐம்பது நாள்களில் குஞ்சுகள் வெளிப்பட்டு, ஒளிமிகுந்த தொடுவானத்தை நோக்கி ஊர்கின்றன. கரையில் மின்விளக்குகள் எரிந்தால் திசைமாறி ஊருக்குள் சென்று மடிகின்றன. வளர்ந்த ஆமைகள் மீன்வலைகளில் சிக்கினால் மூச்சுவிட நீர்ப்பரப்பிற்கு வர இயலாமல் இறக்கின்றன.

ஆசிரியர் ஒரு முதிய மீனவராகப் பாத்திரம் ஏற்கிறார். கையில் சேலையால் ஆன வலை. வலையில் ஓர் ஆமை. அதாவது, ஒரு குழந்தை. 'வலையை அறுத்தால்தான் ஆமை பிழைக்கும். கடன் வாங்கி வாங்கிய வலை இது. அறுத்துவிட்டால் நாளைக்கு எதைக் கொண்டு கடலுக்குப் போவேன்? நீங்களே சொல்லுங்கள் பிள்ளைகளே' என்று கேட்கிறார். ஆமையை விடுவிக்க வேண்டும் என்று குழந்தைகள் உடனே கூவுவர். மீனவர் அமைதியாகத் தம் வீட்டில் சோறு கேட்கும் பேரப்பிள்ளைகளைப்பற்றிச் சொல்கிறார். அப்போதுதான் நாடகம் தொடங்குகிறது. ஊரார் கூடி வலைக்குப் பணம் திரட்டலாம் என்று ஒரு குழந்தை கூறலாம். ஆமை வெளியேற வலையில் ஒரு வாசல் வைக்கலாம் என்று மற்றொன்று கூறலாம். பின்னது கற்பனையன்று, இழுவலைகளில் ஆமை தப்பிச் செல்ல உதவும் கருவி உலகின் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. அச்சமும் மருட்கையும் உவகையும் எனத் தொல்காப்பியம் வகுத்த மெய்ப்பாடுகள் அரைமணி நேரத்தில் அக்குழந்தைகளின் முகங்களில் மாறிமாறித் தோன்றும்.

கடல் அச்சமாகும்போது

கடலோரக் குழந்தைகளிடம் இதே நாடகத்தை அப்படியே கொண்டுசெல்ல இயலாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் பல கடற்கரைச் சிற்றூர்களில் குழந்தைகள் கடலைக் காணவே அஞ்சினர். பாட்டும் ஓவியமும் விளையாட்டும் நாடகமும் அக்குழந்தைகளை மீட்டெடுக்கும் பணியில் துணையாயின. அத்தகைய குழந்தைகளிடம் நீலச்சேலையின் ஒரு முனை எப்போதும் குழந்தையின் கையிலேயே இருக்க வேண்டும். அலை எவ்வளவு உயரம் எழலாம், எப்போது நிற்கலாம் என்பதை அதுவே முடிவுசெய்ய வேண்டும். ஆழ்ந்த மனக்காயத்தை ஆற்றுதல் பயிற்சி பெற்ற உளநல வல்லுநரின் பணி. ஆசிரியர் அப்பணியை ஏற்க முயலுதல் தீங்காகவும் முடியலாம். மலையிலும் இது பொருந்தும். காட்டாற்று வெள்ளத்தில் உறவினரை இழந்த குழந்தை அந்த வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும்.

பேசாத குழந்தை

தமிழ்நாட்டில் 2007-08ஆம் ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் ஆடல், பாடல், பொம்மலாட்டம், நடிப்பு ஆகியவற்றிற்கு வகுப்பறையில் இடமளித்தன. இடம் கிடைத்தபின் எஞ்சுவது ஆசிரியரின் பொறுமை.

பறையின் ஓர் அடிக்கு அனைவரும் சிலையாக வேண்டும் என்னும் விதியை முதல்நாளே பழக்கிவிட்டால் கூச்சலைக் குறித்து அஞ்சவேண்டியதில்லை. தரையில் கல்லோ கம்பியோ இராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காலூன்ற இயலாத குழந்தை சேலையின் முனையைப் பிடிக்கும் காற்றாகலாம். பறையை முழக்கும் இடியாகலாம். சேர மறுக்கும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்தல் கூடாது. அக்குழந்தையைக் கலங்கரை விளக்கமாக நிற்கச் செய்யலாம். அதன் பணி நின்று பார்ப்பது மட்டுமே. மூன்றாம் நாளோ பத்தாம் நாளோ கலங்கரை விளக்கம் தானே கடலில் இறங்கிவிடும்.

மலைக்குழந்தையின் வீட்டுமொழிக்கும் பாடநூல் மொழிக்கும் உள்ள தொலைவு இன்னொரு தடை. வாய்திறக்கும்போதெல்லாம் உச்சரிப்பு திருத்தப்படும் குழந்தை விரைவில் வாய்மூடிக்கொள்ளும். மீனாக இருக்கும்போது அதனை யாரும் திருத்துவதில்லை. சுறாவைக் கண்டு தப்பியோடும் சாளை தன் வீட்டுப் பேச்சிலேயே அலறும். அந்த அலறலை ஏற்றுக்கொண்ட பின்னரே 'சுறா', 'திமிங்கிலம்', 'முகத்துவாரம்' என்னும் புதிய சொற்களை அதன் வாயில் வைக்க இயலும்.

தெரியுமா?

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில், பிச்சாவரம் சதுப்புநிலக் காடு பரந்துள்ளது. மலையிலிருந்து வரும் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கும் இடங்களிலேயே அத்தகைய காடுகள் செழிக்கின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் பெய்யும் மழைநீர் எந்த ஓடை, ஏரி, ஆறு வழியாக எங்கே கடலை அடைகிறது என்பதைக் கேட்டறிந்து, அதனைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் நடித்துப் பார்க்கத்தக்க நாடகமாக அமைக்க. வசனம் எழுதுதல் வேண்டா. நிகழிடங்களையும் ஓசைகளையும் மட்டும் குறிப்பிடுக.

அருகிலுள்ள அங்கன்வாடி அல்லது தொடக்கப் பள்ளியில் ஆசிரியரின் இசைவுபெற்று, மீன்கூட்டப் பயிற்சியைக் குழந்தைகளோடு செய்து பார்க்க. கூட்டம் எப்போது கலைந்தது, எப்போது ஒன்றுபட்டது என்பதை ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படிக்க.

வலையில் சிக்கிய ஆமை குறித்து முதிய மீனவர் கேட்ட வினாவிற்கு உங்கள் குழு என்ன விடை கூறும்? கலந்துரையாடுக.